மாஸ்டருக்குக் கொழும்பு தெரியாதாம்

1

போன கிழமை மட்டக்களப்பு வவுணதீவிலிருந்து என் தம்பி ரவி வட்சப்பில் கூப்பிட்டான். எடுத்த எடுப்பிலேயே சிரிப்பு. பின்னால் அவன் மனைவி சிரிப்பதும் கேட்டது.

"அக்கா, அத்தான்ட வீடியோவப் பாத்த நாங்க. ஜோக்ரஃபி மாஸ்டருக்குக் கொழும்பு எங்க இரிக்கெண்டு தெரியாதாமே! அங்கத்தக் குளிருக்கு மறந்து போச்சோ?"

"ஆர் அனுப்பின?" என்று கேட்டேன்.

"ஆரோ குறூப்பில போட்டிரிக்காங்க. ஊர் முழுக்கச் சுத்துது. அத்தானிட்டப் படிச்சவனுகளும் சிரிச்சிச் சிரிச்சி அனுப்புறானுகள்."

நான் போனை வைத்துவிட்டேன். அந்த வீடியோவை நானும் பார்த்தேன். டென்மார்க் தொலைக்காட்சியில் வந்த நிகழ்ச்சியிலிருந்து ஒரு சின்னத் துண்டு. என் மகள் நாற்காலியில் இருக்கிறாள். திரையின் மூலையில் என் வீட்டுக்காரரின் படம். தொலைபேசியில் அவருடைய குரல் டெனிஷில், "எனக்குத் தெரியாது" என்கிறது. கீழே தமிழில் கேலியாக ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அதோடு துண்டு முடிகிறது.

அதை யார் வெட்டினார்கள், சரியாக அந்த இடத்தில் ஏன் வெட்டினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பக்கத்து நகரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் மீது கைகாட்டலாம். அவர்களுடைய மகனும் இந்தப் போட்டிக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவன். ஆனால் எனக்கு எதிலும் சந்தேகம் என்பதுதான் வீட்டில் என் மேல் இருக்கும் குற்றச்சாட்டு. அதனால் பெயர் சொல்லாமல் விடுகிறேன். ஊரில் சிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

2

அந்த நிகழ்ச்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கோ ஒரு நாட்டில் தொடங்கி உலகம் முழுக்கப் போன கேள்வி பதில் போட்டி. நடுவில் உயரமான நாற்காலி, எதிரே கேட்பவர், ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடைகள். திணறினால் சபையைக் கேட்கலாம், தெரிந்த ஒருவருக்குப் போன் எடுக்கலாம். நான் அதை முதலில் கேபிளில் இந்தியத் தமிழில் பார்த்தேன். பிறகு டெனிஷில். ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது ஓட்டமாவடியில் ஒரு புடவைக்கடையில் சாரி பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே மாட்டியிருந்த தொலைக்காட்சியில் அதே மாதிரி ஒன்று சிங்களத்தில் ஓடியது. அதே நீல வெளிச்சம், நெஞ்சு அடிப்பதுபோல அதே இசை. ஆள் மட்டும் வேறு. எடுத்த சாரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எப்படி எல்லா நாட்டிலும் ஒரேமாதிரி இருக்கிறது என்று மகளிடம் கேட்டேன்.

"அதற்கு ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது அம்மா" என்றாள் டெனிஷில். "வாங்குகிற நாடெல்லாம் அதில் உள்ளபடிதான் செய்ய வேண்டும். எப்போது வெளிச்சத்தைக் குறைப்பது, எப்போது இசையை நிறுத்துவது, எல்லாம் எழுதியிருக்கிறது."

அந்தப் புத்தகத்தை எழுதியவர் முன்பு எங்கே வேலை பார்த்தவர் என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம். ஆளைத் தனியாக ஒரு நாற்காலியில் இருத்து. சுற்றிவர இருட்டாக்கி முகத்துக்கு மட்டும் வெளிச்சம் அடி. விடை தெரிந்தவனே கேள்வியைக் கேட்கட்டும். பதில் சொன்னதும் சரி பிழை சொல்லாதே, முகத்தைப் பார்த்துக்கொண்டே இரு, பிறகு மெதுவாக, "நிச்சயமா?" என்று கேள். இதையெல்லாம் தொலைக்காட்சிக்காகப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று என்னை நம்பச் சொல்கிறார்கள்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணையில் என்னை இருத்திக் கேட்ட அலுவலரும் இதைத்தான் செய்தார். உன் அம்மா பிறந்த ஊர் எது என்றார். ஆரையம்பதி என்றேன். நிச்சயமா என்றார். நிச்சயம்தான். ஆனால் இரண்டாம் தரம் கேட்டபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஊருக்குக் கடிதம் போட்டு அம்மாவிடம் கேட்டேன். அம்மா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று கோயிலில் நேர்த்தி வைத்தாள்.

என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. அவரை ஊரில் தவம் மாஸ்டர் என்றால் தெரியும். படுவான்கரையில், வாவிக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். இங்கே பஸ் ஓட்டுகிறார். அவருக்கு எல்லாரும் நல்லவர்கள். அந்த நிகழ்ச்சி வருகிற அன்றைக்கு நேரத்தோடு சாப்பிட்டுவிட்டுச் செற்றியில் வந்து குந்திக்கொள்வார். விடைகள் நாலும் திரையில் வருவதற்கு முன்பே இவர் சொல்லிவிடுவார்.

"நீ ஏன் புள்ள எல்லாத்திலயும் பிழை பிடிக்கிற? அறிவுக்குப் பரிசு குடுக்கிறாங்க. இதுல என்ன பயம் இரிக்கி?" என்பார்.

3

எங்களுக்கு ஒரே மகள். மிதுலா. இங்கே பிறந்தவள். தமிழ்ப் பள்ளியை ஆறாம் வகுப்போடு விட்டாள். பிறகு கோயிலை விட்டாள். பிறகு எங்களையும் விட்டு, படிப்பு என்றும் வேலை என்றும் கொப்பன்ஹேகனுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். இரண்டு தரப்புக்கும் சாப்பாட்டையும் குளிரையும் விட்டால் பேச ஒன்றும் இருக்காது.

அந்த நிகழ்ச்சி மட்டும் விதிவிலக்கு. சின்ன வயதிலிருந்து அப்பாவும் மகளும் செற்றியில் இருந்து போட்டி போட்டுப் பார்த்தது அது ஒன்றுதான். பதினாறு வயதில் அவள் எங்களோடு பேசாமல் அறையைப் பூட்டிக்கொண்ட காலத்திலும், அந்த இசை கேட்டால் கதவு திறக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் மிஞ்சியிருந்த கயிறு அதுதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சனியனை நான் வீட்டில் தடை செய்யவில்லை.

போன வருடக் கடைசியில் அவள் போட்டிக்குத் தெரிவாகிவிட்டாள். போன் எடுக்கும் ஆளாக அப்பாவின் பெயரைக் கொடுத்திருந்தாள். அவர் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. சவர்க்காரம் பட்டுவிட்டது என்றார்.

எனக்கோ ஆயிரம் கேள்வி. இத்தனை பேர் விண்ணப்பிக்க எங்கள் பிள்ளையை ஏன் எடுத்தார்கள்? கறுத்த முகம் ஒன்று தேவைப்பட்டதா? நிகழ்ச்சி தயாரிப்பவர்களில் ஒருவன் எங்களுக்குப் போன் எடுத்து, "உங்கள் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்றான். எந்தப் பயணம் என்றேன். ஊரைவிட்டுத் தப்பி வந்த பயணமாம். படகிலா வந்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டான். விமானத்தில் என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

"பாத்தயளா, இவனுக்குக் கேள்வி பதில் வேணாம், எங்கட கதைதான் வேணும்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"விடு புள்ள. அவன் சும்மா கேட்டிரிக்கான்" என்றார்.

4

பதிவு நடந்த அன்று எங்கள் வீட்டுக்கு ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பிர்கிட் என்று பெயர். என் வயது இருக்கும், தலை நரைத்திருந்தது. மாஸ்டருக்குப் பக்கத்தில் யாரும் இருந்து விடை சொல்லிக் கொடுக்காமல் பார்ப்பதுதான் அவளுடைய வேலை. புத்தகத்தில் அப்படி இருக்கிறதாம். நாங்கள் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது? வடையும் தேத்தண்ணியும் கொடுத்தேன். சாப்பிட்டாள். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் அலுமாரியில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

ஊரில் வீடு சோதனை போட வருகிறவர்களிலும் ஒருவர் இப்படித்தான் மரியாதையாக இருப்பார். நாற்காலியில் அமைதியாக இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள்தான் பெட்டியைக் கொட்டுவார்கள்.

வீட்டுக்காரர் வெள்ளைச் சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு செற்றியின் நுனியில் இருந்தார். யாரும் அவரைப் பார்க்கப் போவதில்லை, குரல் மட்டும்தான். சொன்னேன். கேட்கவில்லை.

போன் வந்தது. பிர்கிட் அதை ஒலிபெருக்கியில் போட்டாள். கேள்வி கேட்பவரின் குரல், தொலைக்காட்சியில் கேட்கிற அதே குரல், எங்கள் வீட்டுக்குள் கேட்டது. உடனே கேள்விக்குப் போகவில்லை. முதலில் குசலம்.

உன் பெயர் என்ன? சொன்னார். எந்த நாடு? சொன்னார். அங்கே எந்த இடம்? மட்டக்களப்பு என்றார். அங்கே என்ன செய்தாய்? ஆசிரியர் என்றார். என்ன படிப்பித்தாய்?

டெனிஷில் எல்லாருக்கும் நீதான். கடைக்காரரும் நீ, பிரதமரும் நீ. இத்தனை வருடம் அது என் காதில் ஏறாமல் போயிருந்தது. அன்றைக்கு ஏறியது. பெயர், ஊர், இடம், தொழில். அந்த வரிசையைக் கவனித்தேன். அவரைப் பார்த்தேன். அவருடைய சிரிப்பு போய்விட்டிருந்தது.

"புவியியல்" என்றார்.

அந்தப் பக்கம் சபையே கைதட்டியது. ஏனென்றால் கேள்வி புவியியல் கேள்வி. மிதுலா அவசரமாக டெனிஷில் வாசித்தாள். "அப்பா, இந்த நாலு நகரத்தில் பூமத்திய கோட்டுக்கு மிகக் கிட்ட இருப்பது எது? கொழும்பு, பாங்கொக், அடிஸ் அபாபா, கராகஸ்."

பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு, அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்றும் தோன்றியது. சரி, இவர் இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது" என்றார் டெனிஷில்.

"அப்பா? யோசியுங்கள். கொழும்பா?"

அவர் எழுந்தார். போனை முன்னால் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார். தலை குனிந்திருந்தது.

"தன்னே நே மாத்தயா" என்றார்.

நேரம் முடிந்தது. தொடர்பு அறுந்தது. அவர் மெதுவாகச் செற்றியில் இருந்தார். கையால் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார்.

"கொழும்புதான்" என்றார். "ஏழு பாகை. மற்றதெல்லாம் இன்னும் மேல இரிக்கி."

எனக்கு அழுகை வந்தது. பிர்கிட் வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

5

அங்கே கொப்பன்ஹேகனில் பதிவை நிறுத்திவிட்டார்கள். டெனிஷ் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்பது விதி. அப்பா மகளுக்குத் தங்கள் மொழியில் விடையைச் சொல்லிவிட்டாரா என்று அவர்களுக்குச் சந்தேகம். விசாரித்து முடியும்வரை மிதுலா அந்த நாற்காலியிலேயே இருக்க வேண்டும். களவென்று தெரிந்தால் வெளியே அனுப்புவார்கள்.

ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்து ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அவர் நேர்மையான மனிதர். "இது தமிழ் இல்லை" என்று சொல்லிவிட்டார்.

பிர்கிட் என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் தமிழர்கள்தானே?"

"ஓம்."

"தமிழ் இல்லாத ஒரு மொழியில் ஒரு வாக்கியம். ஏற்கெனவே பேசி வைத்த குறிப்பா?"

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைச் சந்தேகப்பட்டவள் நான். என்னை அப்படி ஒருத்தி பார்த்தபோது சுள்ளென்று இருந்தது. அது சிங்களம், "தெரியாது ஐயா" என்று அர்த்தம் என்றேன்.

"அவர் ஏன் மகளோடு சிங்களத்தில் பேச வேண்டும்?"

"அவர் மகளோடு பேசவில்லை."

"பிறகு யாரோடு?"

அவர் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காத குரலில் நான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் சண்டை நடந்த காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். யாராவது கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வாவியின் இந்தக் கரையில் கேட்கிற ஆமிக்காரருக்குச் சிங்களத்தில் தெரியாது. அந்தக் கரையில் கேட்கிற இயக்கப் பொடியன்களுக்குத் தமிழில் தெரியாது. மாஸ்டர் வேலைக்காக இரண்டு கரைக்கும் போய்வந்தவர், இரண்டு மொழியிலும் தெரியாது சொல்லப் பழகியவர்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வரைபடம் இல்லை. இவர் புளியந்தீவுப் பட்டணத்தில் கேட்டு அலைந்து, இலங்கைப் படம் ஒன்றை வாங்கிச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். ஒளிக்கவில்லை, பள்ளிக்கூடப் படம்தானே என்று நினைத்திருக்கிறார். பாலத்தடியில் காவலில் நின்றவர்கள் அதை வெயிலில் விரித்து நாலு மூலைக்கும் கல்லு வைத்தார்கள். இவரைக் கதிரையில் இருத்தினார்கள். பெயர் என்ன, ஊர் என்ன, என்ன வேலை, என்ன பாடம். பிறகு, கொழும்பு எங்கே, தொட்டுக் காட்டு. ஒரு இடத்தைக் காட்டினால் அடுத்த இடம் கேட்பார்கள், அதற்கடுத்து வீதி, அதற்கடுத்து முகாம். இவர், "தன்னே நே மாத்தயா" என்றார். திருகோணமலை? தெரியாது. மட்டக்களப்பு? தான் இருந்த இடத்தையே தெரியாது என்றார். பின்நேரம் வரைக்கும் கேட்டுவிட்டு, படம் வைத்திருக்கிற மடையன் என்று சிரித்து அனுப்பினார்களாம். படம் அங்கேயே போய்விட்டது. அன்றிலிருந்து கரும்பலகையில் கீறித்தான் படிப்பித்தார், மணி அடித்ததும் அழித்துவிடுவார்.

பிர்கிட் எல்லாவற்றையும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நிச்சயமா?" என்றாள்.

அவள் வேலை அது, தெரியும். ஆனாலும் வடைத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

யாரோ ஒரு சிங்கள வைத்தியரைத் தேடிப் பிடித்துக் கேட்டு, நான் சொன்ன அர்த்தம் சரியென்று உறுதிப்படுத்தினார்கள். குற்றமில்லை, போன் உதவி முடிந்தது, பதிவு தொடரும் என்றார்கள். அப்பா என்ன சொன்னார் என்பதை மிதுலாவுக்கும் சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அங்கே நடந்தது எங்களுக்குத் தெரியாது. ஒளிபரப்பாகும் வரை வாயே திறக்கக்கூடாது என்று அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

6

ஒரு கிழமைக்குப் பிறகு தயாரிப்புக்காரன் மறுபடியும் கூப்பிட்டான். குரலில் தேன். அந்தச் சிங்கள வாக்கியத்தையும் அதன் கதையையும் சேர்த்துப் போட எங்களிடம் அனுமதி வேண்டுமாம். மக்கள் அழுவார்களாம். மிதுலாவும் அதையே சொன்னாள்.

"அப்பா, போட விடுங்க. இல்லாட்டி உங்களுக்குத் தெரியாதெண்டுதான் எல்லாரும் நினைப்பாங்க." தமிழில் சொன்னாள். நான் அதைக் கவனித்தேன்.

"நினைக்கட்டும் மகள்" என்றார் இவர். "தெரியாதவன் எண்டே இரிக்கட்டும். தெரியாதவன ஒருத்தரும் கூட்டிக்கிட்டுப் போகமாட்டாங்க."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள் சுருங்கின. வேலை என்றாள், தலையிடி என்றாள். தோற்றிருப்பாள், அப்பாவால் தோற்றேன் என்று மனதில் இருக்கும், எங்களைப் பார்க்க வெட்கப்படுகிறாள் என்றெல்லாம் எனக்கு ஓடியது. அவருக்கும் ஓடியிருக்கும். பஸ் ஓட்டிவிட்டு வந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். அந்த நிகழ்ச்சி வந்தால் எழுந்து போய்விடுவார்.

ஒளிபரப்பான அன்று அவள் ரயிலேறி வந்தாள். எங்களோடு இருந்து பார்க்க மாட்டேன் என்று குசினி மேசையில் போய் இருந்துகொண்டாள். நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துச் செற்றியில் இருத்தினேன்.

அவருடைய குரல் வந்தது. "எனக்குத் தெரியாது." ஊரில் நீங்கள் பார்த்த வீடியோ இதோடு முடிகிறது. சிங்களத்தை வெட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்தது இதுதான்.

கேள்வி கேட்பவர் புருவத்தைத் தூக்கினார். "புவியியல் ஆசிரியருக்கே தெரியவில்லை. விலகிக்கொள்ளலாம். என்ன செய்யப் போகிறாய்?"

என் பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்தாள். பிறகு, "கொழும்பு" என்றாள்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"எப்படி? உன் அப்பா தெரியாது என்றாரே."

"என் அப்பாவுக்கு உலகம் முழுக்கத் தெரியும்," என்றாள் மிதுலா. "சரியான விடை பாங்கொக்காக இருந்தால் பாகையோடு சொல்லியிருப்பார். கராகஸாக இருந்தாலும் சொல்லியிருப்பார். அவர் தெரியாது என்று சொல்லக்கூடிய இடம் இந்த நாலில் ஒன்றுதான் இருக்கிறது."

வெளிச்சம் பச்சையாகியது. சபை எழுந்து கைதட்டியது. அவள் சிரிக்கவில்லை. அவள் தொடர்ந்து எதுவரை போனாள் என்பதை விடுங்கள், எனக்கு அது ஞாபகமும் இல்லை. நான் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இத்தனை வருடத்தில் அவர் சத்தம் போட்டு அழுது நான் கேட்டதில்லை.

மிதுலா வந்து கதவடியில் நின்றாள். கிட்ட வரத் தயங்கினாள்.

"அப்பா, நான் ஒண்டும் கேக்கமாட்டன்" என்றாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டார்.

"கேளு மகள்" என்றார். "என்ன வேணுமெண்டாலும் கேளு."

அவள் வந்து இருந்தாள். பாலத்தடியில் என்ன நடந்தது என்று கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கினார். கதிரை, வெயில், கல்லு வைத்த படம் வரைக்கும் எனக்குத் தெரிந்த கதைதான், எத்தனையோ பேருக்கு நானே சொன்ன கதை. மடையன் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள் என்ற இடத்தில் அது முடிய வேண்டும். அவர் முடிக்கவில்லை. "அனுப்பல்ல" என்றார். "முகாமுக்குள்ள கொண்டு போனாங்க." என் பக்கம் திரும்பாமல், மகளைப் பார்த்தே மேலே சொல்லிக்கொண்டு போனார். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், இந்த மனிசனை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.